தொப்பியில் நின்ற யானை

மணியாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். போன கோடையில் பழைய வீட்டை இடிப்பதற்கு முன்னால் பரணைக் காலி செய்தபோது ஆச்சியின் ட்ரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம், சாயம் போன நாடாவில் இரண்டு மெடல், பென்ஷன் தாள்கள், வேட்டித் துணியில் முடிந்துவைத்த ஒரு தொப்பி பேட்ஜ். கேடயம், குறுக்காக இரண்டு வாள், ஒரு யானை. மதராஸ் ரெஜிமென்டின் சின்னம். தாத்தா 1956இல் சேர்ந்தவர். பதினெட்டு வருஷம் அந்த யானை அவர் தலையில் இருந்தது.

அண்ணன் மகள் அதை வாங்கித் துப்பட்டா முனையால் துடைத்தாள். அவள் பட்டாளத்தில் சேர வேண்டும் என்று ஒரு வருஷமாக விடியற்காலையில் ஓடிப் பழகுகிறாள்.

"அத்தை, நான் செலக்ட் ஆயிட்டா எனக்கும் இந்த யானையக் குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க."

"ஏன்?"

நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். அந்த 'ஏன்'னுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் யானை அந்தத் தொப்பிக்கு எப்படி வந்தது, அதன் பின்னால் யாரெல்லாம் இருந்தார்கள், யார் கணக்கில் வராமல் போனார்கள் என்று சொல்லாவிட்டால் அந்தப் பதில் பாதிதான். மீதிப் பாதியை அவளுக்காகவும் அவள் வயதுப் பெண்களுக்காகவும் எழுதுகிறேன்.

தாத்தாவிடம் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "யானைன்னா பலம். சொன்ன சொல் கேக்கும். பட்டாளத்தானும் அப்படித்தாம்மா இருக்கணும்" என்றார். அவருக்குப் பட்டாளத்தில் யாரோ அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் யானை பலத்துக்காக வந்ததல்ல, ஒரு சண்டையில் கிடைத்த வெகுமதியாக வந்தது.

1803 செப்டம்பர் 23. இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் இருக்கும் அசாயே என்ற கிராமம். ஒரு பக்கம் மராத்திய அரசர்களான சிந்தியாவும் நாக்பூர் போன்ஸ்லேயும். இன்னொரு பக்கம் ஆர்தர் வெல்லெஸ்லியின் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. அதில் வெள்ளைக்காரப் பட்டாளங்கள் மூன்றுதான். மீதி மதராஸ் மாகாணத்துச் சிப்பாய்கள். கம்பெனி ஜெயித்தது. ஆனால் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் காணாமல்போனவர்களுமாக அதன் பக்கம் மட்டும் 1,500 பேருக்கு மேல். சண்டைக்கு இறங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

அப்போது கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ஆர்தரின் அண்ணன் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. தம்பி ஜெயித்த சண்டைக்கு அண்ணன் பெருமை செய்தார். அசாயேயில் நின்ற பட்டாளங்கள் அந்த ஊரின் பெயரையும் யானை உருவத்தையும் கொடியில் ஏற்றிக்கொள்ளும் உரிமையைப் பெற்றன. வெள்ளைக்காரர் கணக்கில் யானை என்றால் இந்தியா. ஸ்காட்லாந்துப் பட்டாளத்தின் கொடியில் யானை ஏறினால், இந்தியாவில் போய் ஜெயித்து வந்தோம் என்று பொருள். அதே யானை மதராஸ் சிப்பாயின் கொடியில் ஏறினால் என்ன பொருள்? இன்னொரு இந்திய அரசை வீழ்த்திக்கொடுத்ததற்கான நற்சான்று. ஒரே உருவம், நின்ற இடத்தைப் பொறுத்து வேறு வேறு பொருள்.

ஆர்தர் வெல்லெஸ்லி பிறகு வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றார். வெலிங்டன் பிரபு என்று ஆனார். நீலகிரியில் அவர் பெயரைத் தாங்கி ஓர் ஊர் இருக்கிறது. மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இன்றும் அந்த வெலிங்டனில்தான் இருக்கிறது. தாத்தா தன் முதல் சல்யூட்டை அடித்தது அங்கேதான்.

அசாயேவுக்கு இரண்டே வருஷம் முன்னால் அதே மதராஸ் படை எங்கள் கரிசலில் இருந்தது. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபரில். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் கடைசியில் கம்பெனி நடத்திய தாக்குதல் தோற்றது. பிறகு கர்னல் ஆக்னியு பெரிய படையோடு வந்தார். மே 24ஆம் தேதி கோட்டை விழுந்தது. மண் சுவருக்கு உள்ளே நின்றவர்களும் தமிழ் பேசினார்கள். வெளியே நின்ற சிப்பாய்களிலும் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள்.

இந்தச் சண்டையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற மதராஸ் படை அதிகாரி, பல வருஷம் கழித்துத் தன் போர் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். அதில் ஓர் இடம் வருகிறது. கோட்டை விழுந்த பிறகு, சுற்றிலும் பிணமாகக் கிடந்த இடத்தில் ஒரு தாய் தன் மகனைத் தேடி வருகிறாள். குற்றுயிராகக் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் காயத்தோடு கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொல்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அவளும் கூட வந்த பெண்களும் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வழியில் கம்பெனிக்குத் துணையாக வந்த எட்டயபுரத்து ஆட்கள் வருகிறார்கள். பெண்கள் சட்டென்று ஊமைத்துரையின் மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைக்கிறார்கள். யார் என்று கேட்டால், அம்மை போட்டு இறந்துபோன பிள்ளை என்கிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஒதுங்கி ஓடிவிடுகிறார்கள்.

புறநானூற்றின் 279ஆம் பாட்டை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருப்போம். ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண் பாடியது. முன்பு நடந்த சண்டையில் தகப்பனையும், நேற்று நடந்த சண்டையில் கணவனையும் பறிகொடுத்தவள், இன்று போர்ப்பறை கேட்டதும் இருக்கும் ஒரே மகனுக்குத் தலைசீவி வேல் கொடுத்து அனுப்புகிறாள். போரில் பெண்ணுக்கு நம் இலக்கியம் கொடுத்த இடம் பெரும்பாலும் அதுதான். பெற்றுக் கொடுப்பவள், அனுப்பிவைப்பவள், திரும்பி ஓடினானா என்று விசாரிப்பவள். பாஞ்சாலங்குறிச்சித் தாய் வேறு வேலை செய்தாள். களத்துக்கு நடந்து போனாள். உயிர் இருந்தவரைத் தூக்கினாள். ஆயுதம் என்று அவளிடம் இருந்தது அழுகையும் அம்மை நோயின் பெயரும்தான். அவள் செய்ததை எதிரிப் படை அதிகாரி எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. அவள் பெயர் தெரியவில்லை. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டைக்கு மாணவிகளை அழைத்துப் போகும்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

யானை கிடைத்த மூன்றாம் வருஷம் இன்னொரு தலைச்சின்னத்தால் கலகம் வந்தது. 1805 நவம்பரில் மதராஸ் படைக்குப் புதுத் தலைப்பாகை உத்தரவானது. அது தொப்பியைப் போல இருந்தது. அதில் தோலால் ஆன குஞ்சம் இருந்தது. அணிவகுப்பில் நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றும் விதி வந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10ஆம் தேதி விடியும் முன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். மைசூர் சுல்தானின் புலிவரிக் கொடி கோட்டையில் ஏறியது. அன்று பகலுக்குள்ளேயே ஆற்காட்டிலிருந்து வந்த படை கலகத்தை அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு அந்தத் தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

வேலூரில் கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி அமேலியா, தன் இரண்டு குழந்தைகளோடு ஒளிந்து பிழைத்ததைக் குறிப்பாக எழுதினார். அது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதைப் படிக்கும்போது எனக்கும் நெஞ்சு அடைக்கும். அந்த வெள்ளைக்காரப் பெண் தன் பயத்தை எழுத முடிந்தது. கோட்டைக்கு வெளியே பேட்டையில் குடிசை போட்டு வாழ்ந்த சிப்பாய்களின் மனைவிமார் அன்று காலையில் என்ன கேட்டார்கள், யாரைத் தேடி ஓடினார்கள் என்பதற்கு அப்படி ஒரு தாள் நம்மிடம் இல்லை.

அவர்கள் இருந்தார்கள் என்பது உறுதி. வங்காளப் படையின் சிப்பாய்கள் குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள். மதராஸ் சிப்பாய் குடும்பத்தோடு போனான். பட்டாளம் இடம் மாறினால் மனைவி, குழந்தை, தாயார், சட்டி பானை எல்லாம் கூடவே மாறின. கடல் தாண்டிச் சண்டைக்குப் போகும்போது சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு விட்டுப் போகும் ஏற்பாடு இருந்தது. சிப்பாய் செத்துவிட்டால் அவன் மகனைச் சின்ன வயதிலேயே பட்டாளக் கணக்கில் சேர்த்துச் சிறு சம்பளம் கொடுத்தார்கள். 'பென்ஷன் பாய்' என்று அதற்குப் பெயர். விதவைக்குக் கஞ்சி ஊற்றிய பணம் விதவையின் பெயரில் வரவில்லை, மகனின் பெயரில் வந்தது. மகள் மட்டும் இருந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். இந்த வழக்கத்தை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர்னு இருக்கிற மாதிரியா மேடம்?" என்று கேட்டாள். சரியான கேள்வி.

பிறகு யானைக்குக் கெட்ட காலம் வந்தது. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் இந்தியர்களைப் போர்க்குடி என்றும் போருக்கு லாயக்கில்லாத குடி என்றும் பிரித்தார்கள். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, நீண்ட அமைதியில் தென்னிந்தியச் சிப்பாயின் போர்க்குணம் மழுங்கிவிட்டது என்று எழுதினார். பஞ்சாபியும் கூர்க்காவும் பட்டாணியும் ஆண்கள். வங்காளி பெண்மை கொண்டவன். மதராஸி மென்மையாகிப் போனவன். ஒரு சமூகத்தை இகழ வேண்டுமென்றால் அதைப் பெண் என்று சொல்வது போதும் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. இந்தக் கொள்கை ராணுவ விஷயமாகத்தான் பேசப்படுகிறது. என் பார்வையில் அது ஆண்மையைப் பற்றிய கொள்கை. பெண் என்ற சொல்லை வசைச்சொல்லாக வைத்துக்கொண்டு கட்டிய கொள்கை.

அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1920களின் முடிவில் மதராஸ் காலாட்படை ஏறத்தாழ இல்லாமலே போனது. மதராஸ் படையில் பெருமளவில் இருந்த பறையர் சமூகத்துக்கு, கிராமத்து அடிமைத்தனத்திலிருந்து வெளியேற இருந்த வழிகளில் ஒன்று அடைபட்டது. ஆண்கள் சம்பளத்தை இழந்தார்கள் என்று புத்தகத்தில் எழுதலாம். அந்தச் சம்பளத்தில் உலை வைத்த பெண்கள் திரும்ப யாருடைய வயலுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் மதராஸிக்கு வீரம் திரும்பி வந்துவிட்டது. ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. யானையும் திரும்பி வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு நமது ராணுவம் ஒரு நல்ல முடிவு எடுத்தது. இந்தியர்களை அடக்குவதற்காக ஆங்கிலேயருக்குச் செய்த சண்டைகளின் விருதுகள் கொண்டாடத் தகாதவை என்று ஒதுக்கப்பட்டன. அசாயேவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் யானை இறங்கவில்லை. அசாயேவின் பெயர் போய், பலம், பொறுமை, விசுவாசம் என்ற புதுப் பொருள்கள் ஏறின. பகவத் கீதையிலிருந்து எடுத்த குறிக்கோள் வாசகம் கூடவே இருக்கிறது. தன் கடமையைச் செய்து சாவது மேல் என்பது அதன் கருத்து. தாத்தா எனக்குச் சொன்னது இந்தப் புது யானையின் கதை. ஒரு சின்னத்தின் பொருளை அடியோடு மாற்ற முடியும் என்பதற்கு ராணுவமே சாட்சி.

இனி ஆச்சி. தாத்தா காஷ்மீரிலும் நாகாலாந்திலும் இருந்த வருஷங்களில் ஆச்சி தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். பிள்ளை பிறந்த பிறகு வீட்டிலேயே பெட்டி ஒட்டினாள். கோவில்பட்டி வட்டாரத்தில் மழை பொய்த்த வருஷங்களில் வீட்டைக் காப்பாற்றியது அந்த வேலைதான். குரோஸ் கணக்குக்குக் கூலி. ஒரு குரோஸ் 144 பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் லேபிள். மயில், மான், குதிரை, சிலசமயம் யானை. தாத்தாவின் தொப்பியில் ஒரு யானை இருந்த காலத்தில் ஆச்சியின் விரலில் பசையோடு எத்தனை யானைகள் ஒட்டிப் போயிருக்கும்!

தாத்தாவின் மணியார்டர் மாமனார் பெயருக்கு வந்தது. "பட்டாளத்தான் பொண்டாட்டின்னு ஊருக்குள்ள மரியாதைதான் ஏட்டி. ஆனா ஒரு படி அரிசிக்குக் கேட்டுத்தான் நிக்கணும்" என்று ஆச்சி ஒருமுறை சொன்னாள். தீப்பெட்டிக் கூலி மட்டும் அவள் கையில் வந்தது. என் அத்தையைப் பத்தாவது வரை படிக்க வைத்தது அந்தக் காசுதான். தாத்தா போன பிறகு குடும்ப பென்ஷன் ஆச்சியின் பெயரிலேயே வந்தது. எழுபது வயதுக்கு மேல் முதல்முறையாக அவள் பெயரில் மாதாமாதம் பணம். பாங்க் புத்தகத்தில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்போது அண்ணன் மகளின் 'ஏன்'னுக்கு வருகிறேன். யானை கிடைக்காது, ஏனென்றால் மதராஸ் ரெஜிமென்ட் காலாட்படை. காலாட்படை இன்றும் பெண்களுக்குத் திறக்கப்படவில்லை. 1992இல்தான் மருத்துவம், செவிலியம் தவிர்த்த பிரிவுகளில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர ஆரம்பித்தார்கள். அவர்கள் பயிற்சி பெற்றது சென்னையில், பரங்கிமலையில். ஆண்களைப் போல நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் பல வருஷம் வழக்காடினார்கள். பெண்ணின் உடலையும் குடும்பப் பொறுப்பையும் காரணம் காட்டிய அரசின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17ஆம் தேதி நிராகரித்தது. சாதாரணச் சிப்பாயாகப் பெண் சேர முடிந்தது அதற்கும் பிறகு: 2021 மே மாதம் பெங்களூரில் 83 பெண்கள் ராணுவ போலீஸ் பிரிவில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அவர்களுக்கு வேறு சின்னம்.

பெண்ணால் முடியாது என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணி படைக்கு மதராசைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். அதில் சேர்ந்த பலர் மலேயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். துப்பாக்கி பிடித்துப் பயிற்சி எடுத்து பர்மா வரை போனார்கள். பால்வெட்டும் கத்தியைப் பிடித்த கைகள் அவை.

ஆனாலும் எனக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. போரை எதிர்ப்பது பெண்ணிய அரசியலின் ஒரு பகுதி என்று நம்புகிறவள் நான். நாமும் கொல்லும் உரிமையைக் கேட்டு வாங்குவதா விடுதலை? இதை அவளிடம் சொன்னேன். அவள், "அத்தை, நீங்க காலேஜ்ல வேலை பாத்துக்கிட்டுச் சொல்றீங்க. எனக்கு இந்த ஊர விட்டுப் போக வேற என்ன வழி இருக்கு?" என்றாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த மதராஸ் சிப்பாயும் இதைத்தானே சொல்லியிருப்பான்.

அதனால் சின்னத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு ட்ரங்குப் பெட்டியிலிருந்த தாள்களைக் காட்டினேன். 2022 முதல் அக்னிபாத் திட்டத்தில் நான்கு வருஷம்தான் வேலை. அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஒட்டுமொத்தமாக ஒரு தொகை உண்டு, பென்ஷன் கிடையாது. "உங்க கொள்ளுப்பாட்டி கையில இருந்த பாங்க் புத்தகம் இந்தத் தாளாலதான் வந்தது. தொப்பியில என்ன மிருகம் இருக்குன்னு பாக்காதே. நாலு வருஷம் கழிச்சு உன் பேர்ல என்ன இருக்கும்னு கேளு" என்றேன். அவள் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். "கேக்குறேன் அத்தை. ஆனா ஓடுறத நிறுத்த மாட்டேன்" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் அவளோடு மணியாச்சி ஜங்ஷன் வரை நானும் நடந்தேன். 1911 ஜூன் 17 அன்று இங்கே ரயில் பெட்டியில் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டதும், ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெட்டியில் ஆஷின் மனைவி மேரியும் இருந்தார் என்பதைச் சொன்னேன். "ஐயோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தண்டவாளத்தை ஒட்டிய மண் பாதையில் ஓட ஆரம்பித்தாள்.

திரும்பி வந்து பேட்ஜைப் பழையபடி வேட்டித் துணியில் முடிந்தேன். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவர் நம்பர், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருந்தன. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஆச்சியின் பெயரை எழுதினேன். எந்த வயதில் தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தாள், எத்தனை வருஷம் வீட்டில் பெட்டி ஒட்டினாள், யாரைப் படிக்க வைத்தாள் என்று அத்தையிடம் கேட்டுக் கேட்டு எழுதி, புத்தகத்தின் உள்ளே வைத்தேன். யானைக் கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பெண் யானை என்று அண்ணன் மகள் எங்கோ படித்திருக்கிறாள். அதையும் அந்தத் தாளின் அடியில் அவளே எழுதிவைத்தாள்.